இரண்டு அதிகாரம் தள்ளி வாருங்கள்

(தலைப்பு: ‘போதையில் வீழ்ந்தவரை மீட்கப் பெரிதும் உதவுவது சட்டமே! மருத்துவமே!’ ‘மருத்துவமே’ அணியில் மூன்றாவதாகப் பேசியது.)



நடுவர் அவர்களே, என்னை அழைக்கும்போது ‘டாக்டர்’ என்று சொல்லி அழைத்தீர்கள். அந்தப் பட்டத்தைக் கேட்டாலே எனக்கு உள்ளூர ஒரு பயம். பட்டம் வாங்கிய ஆசையில் என் வீட்டம்மா ஒரு பித்தளைப் பலகை செய்து வாசலில் மாட்டிவிட்டார்கள். ‘டாக்டர்’ என்று பெரிசாக, என் பேர் அதற்குக் கீழே சின்னதாக. ஒரு நாள் ராத்திரி பத்து மணி. ஒரு பாட்டி பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து கதவைத் தட்டுகிறார்கள். “டாக்டரய்யா, புள்ளைக்கு உடம்பு அனலாக் கொதிக்குதுய்யா!” நான் சொன்னேன், “பாட்டி, நான் அந்த டாக்டர் இல்லை. நான் தமிழ் டாக்டர்.” பாட்டி சளைக்கவில்லை. “தமிழ் வைத்தியமா? பரவாயில்லைய்யா, ஒரு கஷாயமாவது குடுங்க!”

(பலத்த சிரிப்பு)

கஷாயம் கொடுக்கத் தெரியாத டாக்டர் ஆட்டோ பிடித்து அவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தேன். பையன் பிழைத்துக்கொண்டான். சிரிக்கிறீங்க, நல்லா சிரிங்க. ஆனா அதே பித்தளைப் பலகைக்குக் கீழே இன்னொருத்தனும் ஒரு நாள் வந்து நின்னான். அவனுக்கு நான் ஆட்டோ பிடிக்கலை. அதை அப்புறம் சொல்றேன்.

எதிரணியில் முதலில் பேசிய நண்பர் திருவள்ளுவரைத் துணைக்குக் கூப்பிட்டார். ‘கள்ளுண்ணாமை’ என்று ஒரு அதிகாரமே வைத்துக் கண்டித்தாரே வள்ளுவர், உங்களுக்கு மட்டும் என்ன இரக்கம் என்று கேட்டார். நல்ல கேள்வி. நான் முப்பது வருஷமாகக் குறள் நடத்துகிற வாத்தியார். கள்ளுண்ணாமை எத்தனையாவது அதிகாரம்? 93. அடுத்தது 94, சூது. அதற்கு அடுத்தது 95. அது என்ன அதிகாரம் தெரியுமா நடுவர் அவர்களே? ‘மருந்து’!

(கைதட்டல்)

குடித்தவனைச் சொன்னார், சூதாடினவனைச் சொன்னார், சொன்ன கையோடு மருந்தை எடுத்து வைத்தார் நம்ம ஆள். நண்பர் 93-லேயே நின்னுட்டார். இன்னும் ரெண்டு அதிகாரம் தள்ளி வாங்கன்னுதான் நான் கூப்பிடறேன். அந்த மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில், வைத்தியம் என்றால் யார் யார் வேண்டும், என்னென்ன வேண்டும் என்று நாலு சொல்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, கூடவே இருந்து கவனித்துக்கொள்கிறவர். அந்த நாலிலே நன்னடத்தைச் சான்றிதழ் இல்லை. காவல் நிலையத்தின் தடையில்லாச் சான்றும் இல்லை.

இப்போ விஷயத்துக்கு வருகிறேன். போதைக்கு அடிமையானவனுக்கு மருத்துவம் வேண்டும் என்றால் எதிரணி நண்பர்களேகூடத் தலையாட்டுவார்கள். “ஆனா அவன் மேல கேஸ் இருக்கே சார்” என்று சொல்லும்போதுதான் தலை நிற்கும். கேஸ் இல்லாத பையன் என்றால் நோயாளி. கேஸ் இருந்தால் ஜெயில் பறவை. என் கட்சி என்னவென்றால், கேஸ் உள்ளவனுக்குத்தான் அந்தக் கதவு முதலில் திறக்கவேண்டும்.

மருத்துவம் என்றால் எல்லாரும் ஒன்றை நினைத்துக்கொள்கிறோம். நாலு வாரம் அறையில் அடைத்துவைத்து, போதையை அடியோடு மறக்கச் செய்து, நெற்றியில் விபூதி பூசி வீட்டுக்கு அனுப்புவது. அது நடந்தால் நல்லதுதான். எல்லாருக்கும் ஒரே தடவையில் அது நடப்பதில்லை. அதுவரைக்கும் அவன் சாகாமல் இருக்க வேண்டாமா? அதற்கு ஒரு வழி இருக்கிறது. மருத்துவர்கள் ‘தீங்கு குறைப்பு’ என்கிறார்கள். பழக்கம் முழுசாகப் போகிறவரை, பழக்கத்தால் வருகிற கேட்டையாவது குறைப்பது. ஊசி போடுகிறவன் பழைய ஊசியைக் கொடுத்துவிட்டுப் புது ஊசியை வாங்கிக்கொள்ளலாம். ஒரே ஊசியை நாலு பேர் பகிர்ந்து எச்.ஐ.வி.யும் மஞ்சள் காமாலைக் கிருமியும் வாங்கவேண்டியதில்லை. அடுத்து, புப்ரினார்பின் என்று ஒரு மாத்திரை. தினமும் நர்ஸ் கண்முன்னே நாக்குக்கு அடியில் வைத்துக் கரையவிட வேண்டும். ஹெராயின் கிடைக்காத நடுக்கம், வாந்தி, உடம்பு முறுக்கல் அடங்கிவிடும். ஆள் வேலைக்குப் போகலாம், வீட்டில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

“ஒரு போதைக்குப் பதிலா இன்னொரு போதையா?” என்று கேட்டார் எதிரணி நண்பர். ஐயா, நான் பதினெட்டு வருஷமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். விட்டால் தலை சுற்றும். என்னை யாராவது மாத்திரைக்கு அடிமை என்று சொன்னார்களா? மேடைக்குக் கூப்பிட்டு மாலை போடுகிறீர்கள்! (சிரிப்பு) புப்ரினார்பினையும் மெத்தடோனையும் உலக சுகாதார நிறுவனம் 2005-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்ததே, மறந்திருக்க மாட்டீர்கள். மீனவர்கள் படகைத் தெருவுக்குள் கொண்டுவந்தார்கள். மொட்டை மாடியில் நின்றவர்களை இறக்கிக் காப்பாற்றினார்கள். ஏரியிலே வீடு கட்டினது தப்புதான். பட்டா இருக்கா, பிளான் அப்ரூவல் இருக்கா என்று கேட்டுவிட்டா படகில் ஏற்றினார்கள்? கையைப் பிடித்து ஏற்றினார்கள். பட்டா விசாரணை தண்ணி வடிஞ்ச பிற்பாடு.

இப்போ அந்தப் பையன் கதை.

என்னிடம் பி.ஏ. தமிழ் படித்தவன். பேர் வேண்டாம், ஊரும் வேண்டாம். நல்ல குரல். வகுப்பில் செய்யுள் வாசிக்கச் சொன்னால் பக்கத்து வகுப்பு அமைதியாகிவிடும். மூன்றாம் ஆண்டில் கையில் முழுக்கை சட்டை ஏறியது. சித்திரை வெயிலில் முழுக்கை! எனக்கு அப்போ புரியலை. தமிழ் வாத்தியாருக்கு அகப்பொருள் தெரியும், சட்டைக்குள்ளே இருக்கிற பொருள் தெரியாது. பிரவுன் சுகர். முதலில் புகை, பிறகு ஊசி. படிப்பு பாதியில் நின்றது. பொட்டலத்தோடு ஒரு தடவை பிடிபட்டான். அந்தக் கேஸ் வாய்தா வாய்தாவாகப் போய்க்கொண்டிருக்கும்போதே செல்போன் திருட்டில் இன்னொரு கேஸ். பதினாலு மாதம் உள்ளே.

2013-இல், ஒரு சாயங்காலம், வாசலில் வந்து நின்றான். கையில் துணிப்பை. “ஐயா, இன்னிக்குத்தான் வெளிய வந்தேன். பழைய இடத்துக்குப் போகப் பயமா இருக்குங்கய்யா. எங்கயாவது வைத்தியத்துக்குச் சேத்துவிடுங்கய்யா. என்னைத் தனியாப் பார்த்தா சேத்துக்க மாட்டாங்க. நீங்க கூட வந்தீங்கன்னா…” என்றான். உள்ளே என் மகள் படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் கேட் கொக்கியிலிருந்து கையை எடுக்கவில்லை. சொன்னேன்: “முதல்ல திருந்திட்டு வாப்பா. அப்புறம் பார்க்கலாம்.”

(அமைதி)

“சரிங்கய்யா” என்றான். போய்விட்டான். பன்னிரண்டாவது நாள் ரயில்வே லைன் ஓரமாகக் கிடந்தான். கையிலே ஊசி.

அது அவன் தலையெழுத்து என்று ரொம்ப நாள் நினைத்தேன். பிறகு மருத்துவர் நண்பர் ஒருவர் புரியவைத்தார். சிறையில் மாதக்கணக்கில் போதை இல்லாமல் இருந்த உடம்பு, பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. மனசு மட்டும் பழைய அளவையே கேட்கிறது. வெளியே வந்து பழைய அளவை ஏற்றினால் மூச்சு நின்றுவிடும். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையான 30,000-க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2007-இல் ஒரு கட்டுரை வந்தது. வெளியே வந்த முதல் இரண்டு வாரத்தில், போதை மருந்து அளவு மீறிச் சாகும் அபாயம் அந்த மாநிலத்தின் மற்ற மக்களைப் போல 129 மடங்கு. நூற்றி இருபத்தொன்பது மடங்கு நடுவர் அவர்களே! என் மாணவன் இறந்தது பன்னிரண்டாம் நாள்.

சிறைவாசலைத் தாண்டுகிற அந்த வாரம்தான் அவனுக்கு மாத்திரை கையில் கிடைத்திருக்க வேண்டிய வாரம். நின்றுபோன மூச்சைத் திரும்பக் கொண்டுவர நலாக்சோன் என்று ஒரு மருந்து இருக்கிறது. பக்கத்தில் ஒருவர், அந்த மருந்து ஒரு டோஸ் இருந்தால் பிழைத்திருக்கலாம். நாமோ அந்த வாரத்தில்தான் ‘திருந்திட்டு வா’ என்கிறோம். நடக்க முடியாதவனிடம் நடந்து காட்டு, ஊன்றுகோல் தருகிறேன் என்கிற மாதிரி.

சிறைக்கு உள்ளேயே கொடுக்கலாமே என்றால், கொடுத்திருக்கிறார்கள். டில்லி திகார் சிறையில் 2008-இல் இந்த மாற்று மருந்துச் சிகிச்சையைத் தொடங்கினார்கள். வெளியிலே, 2007-இல் தொடங்கிய மூன்றாம் கட்ட தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்திலேயே இது சேர்ந்துவிட்டது. ஆக, 2013-இல் என் மாணவனுக்கு மருந்து நாட்டிலே இருந்தது. மருந்துக்கும் அவனுக்கும் நடுவிலே நான் இருந்தேன். என் கேட் இருந்தது.

“வெளிநாட்டில் எல்லாம் எவ்வளவு கண்டிப்பு தெரியுமா” என்றார் இரண்டாவதாகப் பேசிய நண்பர். தெரியும் ஐயா. கண்டிப்பு என்ன செய்தது என்பதற்கு ஒரு ஊரைச் சொல்கிறேன். ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோ. 1980-களின் தொடக்கம். ஹெராயின் ஊசி பெருகிவிட்டது என்று போலீஸ் இறங்கியது. மருந்துக்கடைகளில் சிரிஞ்ச் விற்பனை நின்றது. தெருவில் சோதனை போட்டுச் சிரிஞ்சைப் பறித்தார்கள். ஊசி போடுவது நின்றதா? சிரிஞ்ச்தான் குறைந்தது. இருக்கிற ஒன்றை ஒளித்துவைத்து எல்லாரும் அதையே குத்திக்கொண்டார்கள். எச்.ஐ.வி. சோதனை வந்த பிறகு, அங்கே ஒரு மருத்துவர் தன்னிடம் வந்த ஹெராயின் நோயாளிகளைச் சோதித்து 1986-இல் எழுதினார். 51 சதவீதம் பேருக்குக் கிருமி. பக்கத்தில் இருக்கிற கிளாஸ்கோ நகரிலும் ஹெராயின் இருந்தது. அங்கே கிருமி மிகக் குறைவு. பிற்பாடு எடின்பரோவே ஊசி கொடுத்தது, மாற்று மருந்தும் கொடுத்தது. ஊசி கொடுத்தால் போதை பெருகும் என்பீர்கள். உலகம் முழுக்க வந்த ஆய்வுகளை உலக சுகாதார நிறுவனம் 2004-இல் தொகுத்துப் பார்த்தது. எச்.ஐ.வி. குறைகிறது, போதைப் பழக்கம் பெருகியதற்குச் சான்று இல்லை என்பதுதான் முடிவு.

அதை நம்ம தெருவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஏற்கனவே கேஸ் உள்ளவன். ராத்திரி ரோந்தில் பையைத் துழாவினால் சிரிஞ்ச் வந்து விழும். அதுவே போதும், மறுபடி ஸ்டேஷன். ஆகவே அவன் சுத்தமான ஊசியைக் கூடவே வைத்துக்கொள்ள மாட்டான். சுடுகாட்டுச் சுவர் இடுக்கில் யாரோ செருகி வைத்ததை எடுப்பான். கேஸ் இல்லாத பணக்காரப் பையன் மருந்துக்கடையில் வாங்கிவிட்டுக் காரில் போய்விடுவான். பயம் கிருமியை ஏழை வீட்டுக்கு அனுப்புகிறது. அவனுக்கும் மனைவி இருக்கிறாள், வயிற்றிலே பிள்ளை இருக்கிறது.

காவல்துறையில் ‘சரித்திரப் பதிவேடு’ என்று ஒன்று உண்டு. நான் சங்க இலக்கியத்தில் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியும் எனக்குச் சரித்திரத்தில் இடமில்லை. இவனுக்குச் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது! (சிரிப்பு) ஒரு தடவை ஏறின பேரைப் பார்த்துத்தான் வேலை, வாடகை வீடு, கல்யாணம் எல்லாம். ஆஸ்பத்திரிக் கவுண்ட்டரும் அதையே பார்த்தால் அவன் போவதற்கு எந்த இடம் மிச்சம்?

சட்டத்தை நான் திட்ட வரவில்லை. உண்மையைச் சொன்னால் சட்டப் புத்தகம் என் அணிக்காரர். எதிரணி அதைச் சரியாகப் படிக்கவில்லை. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் பிரிவு 64-ஏ என்ன சொல்கிறது? பயன்படுத்தினதாகவோ, சிறிய அளவு வைத்திருந்ததாகவோ வழக்கு இருக்கிறவர் தானாக வந்து அரசு நடத்துகிற அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால், அந்தக் குற்றத்துக்காக அவர்மேல் வழக்கு நடத்தக்கூடாது. ஹெராயினுக்குச் சிறிய அளவு என்றால் 5 கிராம் வரை. பிரிவு 39, குற்றம் நிரூபணமானவரைக்கூடச் சிறைக்குப் பதிலாகச் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. வள்ளுவர் அதிகாரத்தோடு இந்த அதிகாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்! (கைதட்டல்)

எனக்குக் குறை இரண்டு இடத்தில். பிரிவு 39-இல் வயது, நடத்தை, முன்வரலாறு, உடல்நிலை, மனநிலை பார்த்து முடிவு செய்யலாம் என்றிருக்கிறது. முன்வரலாறு! அந்த ஒரு சொல்லில்தான் என் மாணவனைப் போன்றவர்கள் தடுக்கி விழுகிறார்கள். இன்னொன்று, 64-ஏ-யில் சிகிச்சையை முழுசாக முடிக்காவிட்டால் பாதுகாப்பைத் திரும்பப் பெறலாம். போதை நோயின் குணமே விழுந்து எழுந்து, மறுபடி விழுவதுதான். காசநோய்க்காரர் மாத்திரையைப் பாதியில் விட்டால் தேடிப் போய்க் கொடுக்கிறோம். இவர் பாதியில் விட்டால் வாரண்டா?

2017-இல் வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் இன்னும் ஒரு படி போனது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 22-ஆம் பிரிவு, அரசு வழிகாட்டு நெறிப்படி கிருமி பரவலைக் குறைக்கச் செய்கிற காரியம் எதுவும் குற்றமாகாது என்கிறது. உதாரணமும் தந்திருக்கிறார்கள்: ஊசி மாற்றுத் திட்டத்தில் புது ஊசி கொடுத்தவரும் குற்றவாளி இல்லை, பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொண்டவரும் குற்றவாளி இல்லை. நாடாளுமன்றமே எழுதிக் கொடுத்துவிட்டது. தெருமுனையில் நிற்கிற காவலருக்கும், கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கிற ஊழியருக்கும், அந்த ஊசி வாங்குகிறவனுக்கும் இது தெரியவேண்டும்.

எத்தனை பேருக்கு என்று கேட்டீர்கள். மத்திய அரசுக்காக எய்ம்ஸ் மருத்துவர்கள் எடுத்து 2019-இல் வெளியிட்ட கணக்கின்படி, இந்தியாவில் ஊசி வழியாகப் போதை ஏற்றுகிறவர்கள் ஏறத்தாழ 8.5 லட்சம் பேர். நம் பக்கத்திலோ வலி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றுகிற பிள்ளைகளைப் பற்றிப் பத்திரிகையில் படித்துக்கொண்டிருக்கிறோம்.

விற்கிறவனுக்கும் இரக்கம் காட்டச் சொல்கிறேனா? இல்லை. வணிக அளவு, ஹெராயின் என்றால் 250 கிராம், அதற்கு மேல் வைத்திருந்தவனுக்குக் குறைந்தது பத்து வருஷம். அங்கே நான் எதிரணியோடு சேர்ந்து கைதட்டுவேன்.

கடைசியாக, எதிரணியில் பேசிய அம்மையார். “போலீஸ் பயம் இருந்தாத்தான் எம்புள்ளை கெடமாட்டான்” என்று கண் கலங்கச் சொன்னீர்கள். அம்மா, அதிலே ஒரு தாயின் நெஞ்சு இருக்கிறது. கெடாத பிள்ளைக்கு அந்தப் பயம் வேலி. ஒத்துக்கொள்கிறேன். விழுந்துவிட்ட பிள்ளைக்கு?

என் மாணவனுடைய அம்மாவைச் சொல்கிறேன். இட்லிக் கடை வைத்திருந்தவர்கள். காரியம் முடிந்து பத்து நாள் கழித்து என் வீட்டுக்கு வந்தார்கள். உள்ளே கூப்பிட்டேன். அவர்களை மட்டும் கூப்பிட்டேன் பாருங்கள். சிறைக்குப் போகிறதுக்கு முன்னாடியே ஒரு தடவை அவனை ஒரு சிகிச்சை இடத்துக்குக் கூட்டிப் போனார்களாம். கேஸ் இருக்கா என்று கேட்டிருக்கிறார்கள். பொய் சொல்லத் தெரியாதவன், இருக்கு என்றான். கோர்ட்டில் கடிதம் வாங்கிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்கள். கடிதத்துக்கு எங்கே போவது, யாரைக் கேட்பது என்று அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. இட்லிப் பானையை அடுப்பில் வைத்துவிட்டு வந்தவர்கள், திரும்பிவிட்டார்கள்.

எல்லாம் சொல்லி முடித்து, எழுந்திருக்கும்போது கேட்டார்கள். “ஐயா, வெளிய வந்தன்னிக்கு உங்களைத்தான் பார்க்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனான். வந்தானாய்யா?”

“வந்தாம்மா” என்றேன்.

“சாப்பிட்டானாய்யா?”

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டீர்கள். அமர்கிறேன். வணக்கம்.